‘சம்மதம்’ என்னும் பொறி

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. விதிகள் வகுக்கப்படாமல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டளவில் கிடந்த அச்சட்டத்தை, 2025 நவம்பர் மத்தியில் மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முழுவதையும் அல்ல. எந்தப் பகுதிகள் உடனே உயிர்பெற்றன, எவை ஒத்திவைக்கப்பட்டன என்பதில்தான் இந்த அரசின் வர்க்க முகம் தெரிகிறது. மக்களிடம் சம்மதம் பெற வேண்டும், தேவை முடிந்த தரவை அழிக்க வேண்டும், கசிவு நேர்ந்தால் தெரிவிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் மீது சுமத்தப்பட்ட கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அவை 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தும் 44(3) பிரிவுக்கோ ஒருநாள் அவகாசமும் தரப்படவில்லை.

இதற்கு முன்பு, பொதுப்பணியோடு தொடர்பற்ற அல்லது ஒருவரது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மட்டுமே அதிகாரிகள் மறுக்க இயலும். அங்கும் பொதுநலன் மேலோங்கினால் வழங்கியாக வேண்டும். இப்போது ‘தனிநபர் சார்ந்த தகவல்’ என்ற ஒற்றைச் சொல் போதும், கோப்பு மூடப்படும். 8(2) பிரிவில் பொதுநலன் என்ற வாசல் திறந்தேதான் இருக்கிறது என்று அரசுத் தரப்பு வாதிடுகிறது. அந்த வாசலின் சாவி, தகவலை மறைக்க விரும்பும் அதே அலுவலகத்தின் கையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ராஜஸ்தான் கிராமங்களில் 1990களில் வருகைப் பதிவேட்டின் பெயர்களை மக்கள் மன்றத்தில் உரக்கப் படித்துத்தான் போலிக் கூலிப் பட்டியல்கள் அம்பலமாயின. அந்தப் பெயர்கள் இனி ‘தனிநபர் தரவு’. ஒப்பந்ததாரரின் அந்தரங்கம் அன்றே காக்கப்பட்டுவிட்டது. குடிமக்களின் அந்தரங்கம் காத்திருக்கலாம்.

காத்திருக்கும் காலத்தில் நடப்பது என்ன? செய்தித்தளம் ஒன்றை ஒருவர் கைப்பேசியில் திறக்கிறார் என்று கொள்வோம். அவர் கண்ணுக்கு ஒரு பக்கம் தெரிகிறது. பின்னால், அவர் பெயரே கேள்விப்பட்டிராத பல நிறுவனங்களின் கணினிகள் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் அவரது உலாவியில் குக்கீ எனப்படும் சிறு அடையாளக் குறியை வைக்கிறது. நாளை வேறொரு கடைத்தளத்திற்கோ மருத்துவத் தளத்திற்கோ அவர் சென்றால், அதே நிறுவனம் அங்கும் காத்திருந்து அக்குறியைப் படிக்கிறது. குக்கீயை அழித்தால் திரையின் அளவு, எழுத்துருக்கள், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கைரேகை போல ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. பக்கம் முழுமையாகத் தெரிவதற்குள், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், அந்த மனிதரின் கவனம் ஏலத்தில் விடப்படுகிறது. அவர் இருக்கும் இடம், கருவி, ஊகிக்கப்பட்ட விருப்பங்கள் ஆகியவை ஏலத்தில் பங்கேற்கும் அனைவருக்கும் அனுப்பப்படுகின்றன. தோற்றவர்களும் தரவைப் பார்த்துவிட்டார்கள். திரும்பக் கேட்க வழியில்லை.

பெருநிறுவனங்களின் வாக்குறுதிகளுக்கும் குறைவில்லை. பிறர் வைக்கும் குக்கீகளைக் குரோம் உலாவியிலிருந்து படிப்படியாக அகற்றுவதாக 2020இல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்த வேலை இது. கூகுளுக்குத் தொழில்நுட்பம் கைவரவில்லை என்று எவரும் நம்பமாட்டார்கள். அதன் தாய் நிறுவனத்தின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விளம்பரத்தில் வருகிறது என்பதே விளக்கம். ‘இன்காக்னிட்டோ’ என்ற மறைவுச் சாளரத்தை நம்பியவர்களின் கதி இன்னும் மோசம். அதிலும் தரவு திரட்டப்பட்டது தொடர்பான அமெரிக்க வழக்கில், பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க 2024இல் அந்நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியது அதையும் மிஞ்சியது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இருந்த ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள், அதே கைப்பேசியின் உலாவியில் நடப்பதை உள்வழியாகக் கேட்டு, பெயர் தெரிந்த கணக்கோடு இணைத்துக்கொண்டிருந்தன. விஷயம் வெளியானதும் மெட்டா நிறுத்திக்கொண்டது.

இத்தனைக்கும் நியாயமாகக் காட்டப்படும் ஒரே சொல் ‘சம்மதம்’. புதிய சட்டமும் அதன் மீதுதான் நிற்கிறது. சுதந்திரமான, நிபந்தனையற்ற, தெளிவான சம்மதம் என்று அடைமொழிகளை அடுக்குகிறது. உழைப்புச் சக்தியை விற்கும் தொழிலாளியும் ‘சுதந்திரமாக’த்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார் என்பதைக் கட்சி உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனது தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்றது. நாட்டின் அன்றாடப் பேச்சுவார்த்தை முழுவதும் அதன் மீது ஓடும்போது வெளியேறுவது எங்கே? இந்தியப் போட்டி ஆணையமே இதை ஆதிக்க நிலையின் துஷ்பிரயோகம் என்று கண்டு, 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த நிறுவனத்தின் வரவுசெலவில் இது சில்லறை.

சட்டத்தின் 9ஆம் பிரிவு தன்னையறியாமல் உண்மையைக் கக்கிவிடுகிறது. குழந்தைகளைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்கிறது. அப்படியானால் இவை தீங்கானவை என்று அரசு அறிந்திருக்கிறது. 18 வயது நிறைவடைந்த மறுநாள் காலையில் அதே தீங்கு ஒரு பெட்டியில் குறியிட்டால் முறையான வணிகமாகிவிடுவது எப்படி? வேலையளிப்போருக்கு இந்தச் சம்மத நாடகமும் வேண்டாம். வேலை தொடர்பான நோக்கங்களுக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் சம்மதமின்றியே தொழிலாளியின் தரவைக் கையாள 7ஆம் பிரிவு வழிசெய்கிறது. மறுபுறம், பொய்ப்புகார் போன்ற ‘கடமை’ மீறல்களுக்காகக் குடிமக்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தரவுக் கசிவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெற வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு நீக்கப்படவுள்ளது. நிறுவனங்கள் கட்டும் அபராதம் அரசுக் கருவூலத்திற்குப் போகும். வங்கிக் கணக்கை இழந்தவருக்கு ஒரு காசும் வராது.

இந்த அரசு நடுவராக இருக்கும் என்று எதிர்பார்ப்போர் அதன் கடந்தகாலத்தைப் பார்க்கட்டும். 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை, மக்களின் தரவுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, தேர்ந்தெடுத்த தரவுத்தொகுப்புகளைத் தனியாருக்கு விலைக்குத் தரலாம் என்று யோசனை கூறியது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளைத் தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டு அரசு ஈட்டியது சுமார் 65 கோடி ரூபாய். இதை 2019இல் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி, பயணிகளின் தரவைப் பணமாக்கி 1,000 கோடி திரட்ட ஆலோசகர் தேடி ஒப்பந்தப்புள்ளி கோரியது. எதிர்ப்பு எழுந்து நாடாளுமன்ற நிலைக்குழு விசாரித்த பிறகே அதைத் திரும்பப் பெற்றது. 2020இல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் ஃபேஸ்புக் 43,574 கோடியும் கூகுள் 33,737 கோடியும் முதலிட்டன. ஏகாதிபத்தியத் தரவு ஏகபோகமும் உள்நாட்டுப் பெருமுதலாளியும் ஒரே பந்தியில் அமர்ந்தபோது, ‘தரவுக் காலனியம்’ பற்றிய தேசபக்த முழக்கங்கள் சற்றே ஓய்ந்தன.

வணிகக் கண்ணும் அரசின் கண்ணும் வெவ்வேறல்ல. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் பத்து முகமைகளுக்கு எந்தக் கணினியையும் ஊடுருவிப் பார்க்கும் அதிகாரம் அளித்தது. 2022இல் விபிஎன் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க ஆணையிடப்பட்டது. சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தமது சர்வர்களையே அகற்றின. பெகாசஸ் விசாரணையில் அரசு ஒத்துழைக்கவில்லை என்று உச்சநீதிமன்றம் அமைத்த குழுவே பதிவு செய்தது. இப்போதைய சட்டத்தின் 17(2) பிரிவு, ஒன்றிய அரசு அறிவிக்கும் எந்த அரசு அமைப்பையும் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதிட்டு, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் தோற்ற அரசு, தோற்றதைச் சட்டம் எழுதி மீட்டுக்கொண்டது.

‘மறைப்பதற்கு என்ன இருக்கிறது’ என்று கேட்கும் தோழர்கள் கட்சிக்குள்ளும் உண்டு. தொழிற்சாலையில் சங்கம் அமைக்க முயலும் ஒருவர் யாரோடு பேசினார், எந்த இடத்தில் எத்தனை பேர் கூடினர், எந்தச் சட்டப்பிரிவைத் தேடிப் படித்தார் என்பது நிர்வாகத்திற்கும் காவல்துறைக்கும் எவ்வளவு மதிப்புடையது என்று அவர்கள் யோசிக்கவேண்டும். கிளை உறுப்பினர் பட்டியலைக் கைப்பேசி எண்களோடு வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது வசதியாகத்தான் இருக்கிறது. தலைமறைவுக் காலத்தில் ஒரு துண்டுச் சீட்டைக்கூட எரித்துவிட்டு நகர்ந்த இயக்கம் இது. ஃபயர்பாக்ஸ் உலாவி, அதில் யூபிளாக் ஒரிஜின் என்ற தடுப்பான், கைப்பேசி அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்குதல், செயலிகளுக்கு இடமறியும் அனுமதியை மறுத்தல், அமைப்பு வேலைக்குச் சிக்னல் — இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. அரை மணிநேரம் போதும். உலாவியில் செய்யும் இந்த மாற்றங்கள் ஏலக் கடையை மூடிவிடாது என்பதும் உண்மை. ‘கண்காணிப்பு முதலாளித்துவம்’ என்பதை நல்ல முதலாளித்துவத்தின் வழிதவறிய பிள்ளையாகச் சித்தரிக்கும் தாராளவாத எழுத்துகள் இன்று பிரபலம். ஷோஷனா ஸூபாஃபின் நூலுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2014 ஜூலையில், மன்த்லி ரிவ்யூ ஏட்டில் ஃபாஸ்டரும் மெக்செஸ்னியும் இதே சொல்லைப் பயன்படுத்தி, அதன் வேர் ஏகபோக நிதி மூலதனத்திலும் இராணுவத் தொழில் கூட்டிலும் இருப்பதைக் காட்டியிருந்தனர்.

ஆகவே கோரிக்கைகளும் அந்த வேரைத் தொட வேண்டும். நடத்தையைப் பின்தொடர்ந்து செய்யும் விளம்பரத்தைக் குழந்தைகளுக்கு மட்டுமின்றி அனைவருக்கும் தடைசெய்ய வேண்டும். அரசுக்கு விலக்களிக்கும் 17(2) பிரிவும், முதலாளிக்குச் சலுகை தரும் 7ஆம் பிரிவின் பகுதியும் நீக்கப்பட வேண்டும். ஒன்றிய அரசே உறுப்பினர்களை நியமிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்குப் பதிலாக, நாடாளுமன்றத்திற்குப் பதிலளிக்கும் சுயேச்சையான அமைப்பு வேண்டும். 8(1)(ஜே) பழைய வடிவத்திற்குத் திரும்ப வேண்டும்; இதற்கு 2027 வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. ‘சஞ்சார் சாத்தி’ செயலியை நீக்கமுடியாதபடி ஒவ்வொரு புதிய கைப்பேசியிலும் பதித்துத் தர வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் ஆணையிட்ட இதே அரசு, நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பில், டிசம்பர் 3 அன்றே அதைத் திரும்பப் பெற்றது.