ஹெப்பாரினை ஒழிக்கச் சொல்பவருக்கு

2008இல் அமெரிக்காவில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியால் உயிர்கள் போயின. பன்றிக்குடலிலிருந்து எடுக்கும் இந்த மருந்தையே ஒழியுங்கள் என்கிறார் நண்பர். தவறான ஆளைக் கூண்டில் ஏற்றுகிறார். அன்று கலந்திருந்தது சல்பேட் மிகையாக ஏற்றிய காண்ட்ராய்டின். இயற்கையில் கிடைக்காத சரக்கு. அதுவும் ரத்தம் உறைவதைத் தடுத்ததால் அன்றைய சோதனைகள் ஏமாந்தன. ஓட்டை சோதனையில் இருந்தது.

செயற்கையான ஃபோண்டாபாரினக்ஸ் போதும் என்கிறார். கால் ரத்தக்கட்டுக்கு நல்ல மருந்துதான். ஆனால் திறந்த இதய அறுவையைப் பாருங்கள்: நோயாளியின் ரத்தம் பிளாஸ்டிக் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்த் திரும்புகிறது; வழியில் அது உறையாமல் காப்பது ஹெப்பாரின். வேலை முடிந்ததும் புரோட்டமின் என்ற முறிமருந்தைச் செலுத்தினால் சில நிமிடங்களில் ஹெப்பாரின் முறிந்து, ரத்தம் மறுபடி உறையும். ஃபோண்டாபாரினக்ஸிடம் அந்த முறிமருந்து பலிக்காது. மார்பைத் திறந்து வைத்திருக்கும் மருத்துவர் எதை நம்புவார்?

மருந்தை ஒழிப்பதற்குப் பதில் சோதனையை இறுக்கி, குடல் சுத்தம் செய்யும் பட்டறை வரை ஆய்வாளரை அனுப்பச் சொல்லுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.