ஐயர் வீட்டுக்கு வந்தாரா?

"பாதிரியாருக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரசங்கம். மற்ற ஆறு நாளும் ஓய்வுதானே!"

இப்படிக் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. வாராவாரம் கோவிலுக்குப் போகிறவர்களே சொல்வதும் உண்டு.

உண்மை அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை வேலை எல்லோர் கண்ணிலும் படுகிறது. மற்ற ஆறு நாள் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் அந்த ஆறு நாளில்தான் ஒரு குருவானவர் யார் என்பது தெரியும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் தங்கள் குருவானவரை "ஐயர்" என்று அழைப்பார்கள். அவருடைய மனைவி "ஐயரம்மா". அவர்கள் குடியிருக்கும் வீடு "குருமனை". அவருடைய பொறுப்பில் உள்ள ஊர்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு "சேகரம்". பெரிய ஊர் ஒன்று இருக்கும். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள் பல இருக்கும். எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே குரு.

அந்த ஊர்களில் யாராவது நோயில் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்பது முதல் கேள்வி.

"ஐயர் வந்தாரா?" என்பது இரண்டாவது கேள்வி.

இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஏனென்றால், "இன்னும் வரவில்லை" என்ற பதில் இப்போது பல வீடுகளில் கேட்கிறது.

ஒரு நாள் பொழுது

ஐயர் ஏன் வரவில்லை? சோம்பலா? அப்படிச் சொல்லிவிடக் கூடாது. அவருடைய ஒரு நாளைப் பாருங்கள்.

பொழுது விடியுமுன் செய்தி வருகிறது. பக்கத்து ஊரில் ஒரு சாவு. உடனே போகிறார். அழுகிறவர்களோடு உட்கார்கிறார். ஜெபம் செய்கிறார். அடக்கத்துக்கு நேரம் குறித்துவிட்டுத் திரும்புகிறார்.

குருமனைத் திண்ணையில் நாலு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும். இன்னொருவர் மகள் கல்யாணத்துக்கு ஓலை கொடுக்க வந்திருக்கிறார். மணமக்களின் பெயரை மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசிப்பார்கள். தடை ஏதும் இருந்தால் யாரும் சொல்லலாம். அதற்குத்தான் "ஓலை வாசித்தல்" என்று பெயர்.

பிறகு சபைப் பள்ளிக்கூடத்து வேலை. கோவில் சுவர் விரிசல். மின்சாரக் கட்டணம். கொத்தனார் கூலி. ரசீதில் கையெழுத்து.

மாலையில் கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனை. அது முடிந்ததும் கமிட்டிக் கூட்டம். கோவில் பண்டிகை வருகிறது. பண்டிகை என்றால் அசனம் உண்டு. பெரிய பெரிய பாத்திரங்களில் சோறாக்கி, ஏழை பணக்காரன் பாராமல் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து அது. அரிசி யார் வாங்குவது, கணக்கு யார் எழுதுவது என்று இரண்டு அணியாகப் பிரிந்து பேசுகிறார்கள். சபைத் தேர்தல் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம்!

இரவு ஒன்பது மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் தனித்தனியாக வருகிறார்கள். இருவருடைய குறையையும் கேட்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. அவர்கள் போன பிறகுதான் அவர் பிரசங்கத்துக்கு வேதப் புத்தகத்தைத் திறக்கிறார். கண் சொருகுகிறது.

இந்த ஒரு நாளில், படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? "நாளைக்குப் போகலாம்" என்று நினைக்கிறார். நாளையும் இப்படித்தான் விடிகிறது.

படுக்கையில் ஒரு பாட்டி

இனி அந்தப் பாட்டியின் வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

வயது எண்பதுக்கு மேல். மகன் சென்னையில். மகள் துபாயில். பணத்துக்குக் குறைவில்லை. துணைக்கு ஒரு பெண் இருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்த நாளிலிருந்து பாட்டியால் கோவிலுக்குப் போக முடியவில்லை. ஐம்பது வருஷம் கோவிலில் ஒரே இடத்தில் உட்கார்ந்தவள், இப்போது கட்டிலில் கிடந்தபடி கோவில் மணியைக் கேட்கிறாள்.

மகன் ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் பெரிய பெரிய பிரசங்கிமார் வருகிறார்கள். இனிமையாகப் பேசுகிறார்கள். பாட்டியும் கேட்கிறாள்.

ஆனால் பாட்டியின் மனத்தில் ஒரு முள் இருக்கிறது. ஒரு துண்டு நிலத்துக்காகக் கூடப்பிறந்த தங்கையோடு சண்டை. பேச்சு வார்த்தை நின்று பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. தங்கை இருப்பது அடுத்த தெருவில்தான். கண் மூடுமுன் ஒரு தடவை அவள் கையைப் பிடித்துவிட வேண்டும். இதை யாரிடம் சொல்வது? மகனிடம் சொன்னால் கோபிப்பான். வேலைக்காரப் பெண்ணிடம் சொன்னால் ஊரெல்லாம் தெரியும்.

கைபேசியில் பேசும் பிரசங்கியாருக்கு இது தெரியாது. அவர் பாட்டியின் கண்ணைப் பார்ப்பதில்லை. கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கும் ஐயருக்குத்தான் அது தெரியவரும். வீட்டுக்கே திருவிருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் சபையில் உண்டு. அப்பத்தையும் ரசத்தையும் கொடுத்துவிட்டு அவர் தங்கையின் வீட்டுக்கும் நடப்பார். "அக்காள் உன்னைக் கேட்கிறாள், அம்மா. ஒரு தடவை வா" என்பார்.

ஐயர் வந்தால் இரண்டு சகோதரிகள் ஒன்று சேர்வார்கள். வராவிட்டால் ஒருத்தி அந்த முள்ளோடு மண்ணுக்குள் போவாள். மற்றவள் அதே முள்ளோடு மீதி நாளைக் கழிப்பாள். மேய்ப்புப் பணியின் முக்கியம் இதுதான். பத்து நிமிஷத்தின் விலை இவ்வளவு!

முன்னோர் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இந்தப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்டு குருவானவர் ஆரோன். கடலூரில் பிறந்தவர். ஆறுமுகம் என்பது அவருடைய பழைய பெயர். 1733 டிசம்பர் 28-ந் தேதி தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். 1745-ல் இறக்கும் வரை, மாயவரம் வட்டாரத்துக் கிராமங்களிலேயே உழைத்தார். அவருக்கு மோட்டார் இல்லை, கைபேசி இல்லை. ஜனங்களைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் கிராமத்துக் குருவானவர். மகன் 1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான். இன்றைய தெலுங்கானாவில் உள்ள தோர்ணக்கல் அவருடைய தலைமை இடம். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். அத்தனை கிராமங்களையும் ஒருவரே பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கிராமத்து வாத்தியார்களையும் அவர்கள் மனைவிமார்களையும் பழக்கினார். சாதாரண ஜனங்களிடமே பொறுப்பைக் கொடுத்தார்.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. வேதாகமத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகளின் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிடுவதில் சண்டை வந்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? அந்த வேலையைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல பெயர் எடுத்த ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவர்களிடம் ஒப்படைத்தார்கள். தாங்கள் ஜெபத்துக்கும் போதனைக்கும் திரும்பினார்கள்.

நம்முடைய யோசனை

அந்த ஏழு பேர் இன்றும் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் இருக்கிறார். பாங்கில் வேலை பார்த்தவர் இருக்கிறார். வீடு கட்டத் தெரிந்த என்ஜினீயர் இருக்கிறார். கணக்கையும், கட்டடத்தையும், பண்டிகைச் செலவையும் அவர்களிடம் கொடுங்கள். வருஷம் ஒரு முறை வெளி ஆடிட்டரைக் கொண்டு கணக்கைச் சரிபாருங்கள். சபை முழுவதும் பார்க்கும்படி அதைக் கோவில் சுவரில் ஒட்டுங்கள்.

"பண விஷயம் ஐயர் கையில் இல்லாவிட்டால் அவருக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?" என்று சிலர் கேட்கலாம். சாவி கையில் இருப்பதால் வரும் மதிப்பு, இடமாற்ற உத்தரவு வந்த அன்றே சாவியோடு போய்விடும். நோயில் கிடந்தபோது வந்தாரே என்ற நினைவு பேரப் பிள்ளைகள் காலம் வரை நிற்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்காலியும் சாவிக்கொத்தும் சில குருவானவர்களுக்கே பிடித்துப்போய்விடுகிறது. நோயாளியின் வீட்டைவிடக் கமிட்டி அறை அவர்களுக்குச் சுகமாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த யோசனை.

ஐயரை யார் பார்க்கிறார்கள்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எல்லோர் துக்கத்தையும் கேட்கிறாரே, அவருடைய துக்கத்தை யார் கேட்கிறார்கள்?

சில வருஷத்துக்கு ஒரு தடவை இடமாற்றம் வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறுகிறார்கள். ஐயரம்மா சம்பளம் இல்லாமல் பாதிச் சேகரத்தின் பாரத்தைச் சுமக்கிறார். ஓய்வு பெறும் நாளில் குருமனையைக் காலி செய்ய வேண்டும். வயதான காலத்தில் வாடகை வீடு தேட வேண்டியவர்களும் உண்டு.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கோவில்கள் மூடப்பட்டன. அடக்கத்துக்குச் சில பேர்தான் போக முடிந்தது. அந்தச் சில பேரில் குருவானவர் ஒருவராக நின்றார். வீட்டுக்குத் திரும்பியபோது அவருக்கும் பயம் இருந்திருக்கும். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் சிவகங்கைத் தோட்டத்தின் பக்கத்தில் உள்ள சுவார்ட்ஸ் கோவிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயர் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1798-ல் தஞ்சையில் இறந்தார். இடையில் 48 வருஷம்! தம் ஊருக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. பஞ்ச காலத்தில், முன்கூட்டி வாங்கி வைத்த அரிசியைப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். தஞ்சை மன்னர் துளஜா, தம்முடைய சுவீகாரப் பிள்ளை சரபோஜியை அவர் பாதுகாப்பில் விட்டுச் சென்றார்.

அந்தக் கோவிலில் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கியது. வைத்தவர் மன்னர் சரபோஜி. சுவார்ட்ஸ் ஐயர் மேடையில் நின்று பிரசங்கம் செய்வதுபோல் அதில் இல்லை. அவர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருக்கிறார். மன்னர் கிறிஸ்தவர் அல்ல. தமக்குக் காவலாக இருந்த மனிதரைப் பார்க்க வந்தவர்.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் "ஐயர் வந்தாரா?" என்ற கேள்வி எழும்போது, கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: "நாம் ஐயரைப் பார்க்கப் போனோமா?"

அவர் தலையிலிருந்து கணக்குப் புத்தகத்தை இறக்கி வையுங்கள். அவர் நிச்சயம் உங்கள் வீட்டுக்கு வருவார்.