கையைப் பிடித்து இழுத்தாரா?

பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல், பீரோவை நகர்த்துகிற மாதிரி ஆளோடு சேர்த்து முழுசாகத் திரும்புகிற ஆசாமிகள் எல்லா ஆபீஸிலும் ரெண்டு பேராவது உண்டு. முதல் நாலு நாள் தைலம், ஐந்தாம் நாள் மனைவியின் அர்ச்சனை, ஆறாம் நாள் பிஸியோதெரபிஸ்ட்.

அங்கே போனால் நேற்றுதான் பட்டம் வாங்கிய மாதிரி ஒரு பையன் நிற்கிறான். "தம்பி, பெரியவர் யாரும் இல்லியாப்பா?" என்று நாக்கு நுனிவரை வருகிறது. சந்தேகம் நியாயம். ஆனால் வயசை வைத்து எடை போடுவதுதான் பிசகு. பின்னே எதை வைத்து?

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கர் 1990-ல் இதற்கு ஒரு பிரமிட் வரைந்தார். அடித்தட்டு 'தெரியும்', அடுத்தது 'எப்படிச் செய்வதென்று தெரியும்', அதற்கு மேல் 'செய்து காட்டுவேன்', உச்சியில் 'தினமும் அப்படித்தான் செய்கிறேன்'. எழுத்துப் பரீட்சை அடித்தட்டிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுகிறது. கல்யாணத்துக்குச் சமையல்காரரைத் தேடும்போது சாம்பார் பற்றிக் கட்டுரையா எழுதச் சொல்கிறோம்?

ஸ்காட்லாந்துக்காரர் ரொனால்ட் ஹார்டன் 1975-லேயே மருத்துவ மாணவர்களுக்கு வேறு மாதிரி பரீட்சை வைத்தார். மணி அடித்தால் ஒரு மேஜை, சில நிமிஷத்தில் மறுபடி மணி, அடுத்த மேஜை. எல்லோருக்கும் அதே கேஸ், அதே மார்க் பட்டியல். பரீட்சகர் வீட்டில் அன்று காலை இட்லியா உப்புமாவா என்பதைப் பொறுத்து மார்க் விழுகிற ஆபத்து குறைவு. பிஸியோதெரபி உலகமும் இதைச் சுவீகரித்துக்கொண்டது.

ஒரு மேஜையில், சர்க்கரை வியாதிக்காரர். கணுக்காலில் வலி. 'ஹாட் பேக் வைக்கவும்' என்று சீட்டு. டவலைச் சுற்றி, நேரம் பார்த்து, அழகாக வைக்கலாம். இருந்தும் பெயில். வைப்பதற்கு முன், வெந்நீரும் குளிர்ந்த நீரும் ஊற்றிய ரெண்டு சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றித் தொட்டு, "கண்ணை மூடிக்குங்க, எது சூடு?" என்று கேட்டானா? உணர்ச்சி மரத்த காலில் சூடு பட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரைக்காரர் காலில் புண் வந்தால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றில் பக்கவாதம் வந்த பெரியவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அவசரக்காரன் விழுந்த கையையே பிடித்து இழுப்பான். தசை தளர்ந்த தோள், தாங்க ஆளில்லாமல் மூட்டிலிருந்து நழுவும். பின்னால் கை லேசாக அசைய ஆரம்பிக்கும்போது, தோள்வலி வந்து பயிற்சியையே செய்யவிடாது.

எனக்குப் பிடித்தது முதுகுவலி மேஜைதான். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "மூத்திரம் சரியாப் போகுதாம்மா?" அம்மா வயசுக்காரரிடம் கேட்க 22 வயசுப் பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் சிறுநீர் போகவில்லை, உட்காருமிடம் மரத்திருக்கிறது, ரெண்டு காலும் துவள்கிறது என்றால் முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே ஆஸ்பத்திரி. நேரம் போனால் கால் போகலாம். டிராக்ஷன் மிஷினைத் தொடாமல் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுகிறவனுக்குத்தான் முழு மார்க்.

சரி, பரீட்சை நாளில் எல்லோரும் ஸ்ரீராமர்கள். மற்ற நாளில்? ஆஸ்திரேலியாவில் பயிற்சி மாணவர்களை வாரக்கணக்கில் கூடவே இருந்து கவனித்து, 20 அம்சங்களுக்கு 0 முதல் 4 வரை மார்க் போடுகிறார்கள். நோயாளியிடம் பேசுகிற தினுசுக்கும் அதில் மார்க் உண்டு. ஒப்பிடுவது 20 வருஷ அனுபவசாலியோடு அல்ல. பத்திரமாக வேலை பார்க்கக்கூடிய ஒரு புதுமுகத்தோடு. எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது.

நம்மூரில் நாலரை வருஷமாக இருந்த படிப்பில், கடைசி 6 மாசம் இன்டர்ன்ஷிப். 2025-ல் வந்த தேசியப் பாடத்திட்டம் அதை ஒரு வருஷமாக நீட்டியது. நல்லதுதான். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு சீனியர் இல்லாவிட்டால், லாக் புக்கில் கையெழுத்துதான் சேரும்.

அதுவரை நீங்களே பரீட்சகர். கை வைக்கும் முன் கேள்வி கேட்டாரா? கழுத்து எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளந்து எழுதிக்கொண்டாரா? அடுத்த வாரம் மறுபடி அளந்தாரா? இல்லை, படுக்கவைத்து மிஷினை மாட்டிவிட்டு, செல்போனோடு வராந்தாவுக்குப் போய்விட்டாரா?

ஜாக்கிரதை, அவரும் ஒன்று கேட்பார்: "ஸார், வீட்ல செய்யச் சொன்ன எக்ஸர்ஸைஸ் செஞ்சீங்களா?"