உயிருக்கு வரி விலக்கு, வீட்டுக்கு மட்டும் 18 சதவீதமா?



தனிநபர் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அடியோடு நீக்கப்பட்டது. மனதார வரவேற்கிறேன். ஆனால் வீட்டுக் காப்பீட்டை ஜி.எஸ்.டி. கவுன்சில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்கு இன்றும் 18 சதவீத வரிதான். ஆயுள் முழுக்க உழைத்து, இருபது வருடத் தவணை போட்டு வாங்கிய ஒரே சொத்தைப் பாதுகாக்க நினைப்பவனுக்கு ஏன் இந்தத் தண்டனை? ஏற்கெனவே வீட்டுக்குக் காப்பீடு எடுப்பவர்கள் நம் ஊரில் மிகச் சிலர். அவர்களையும் விரட்டியடிக்கவா இந்த வரி?

நான் வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கப் பொருளாளர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. லிஃப்ட் குழி நிரம்பியது. சம்ப்பில் சாக்கடை கலந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மீட்டர் போர்டைத் திறந்தால் ஃப்யூஸ் கட்டைகளுக்குள் சேறு கெட்டியாக அடைத்திருந்தது. எலெக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். கடைசியில் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும் என்றார். லிஃப்ட் கம்பெனிக்காரரும் அதையே சொன்னார்.

அவசரக் கூட்டம் போட்டோம். “எங்களிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது” என்று பலர் நம்பிக்கையோடு பேப்பர்களைக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை வீட்டுக் காப்பீடே அல்ல. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் பாக்கிக் கடனை அடைக்கும் ஆயுள் பாலிசிகள். வீட்டுக்கடன் தரும்போது “இன்ஷூரன்ஸ் கட்டாயம் சார்” என்று சொல்லி, மொத்த பிரீமியத்தையும் கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி வாங்கிக்கொண்டு தலையில் கட்டியவை. வீட்டுக்கே பாலிசி வைத்திருந்தது ஒரு சிலர்தான். அதுவும் அவரவர் ஃப்ளாட்டுக்கு மட்டும். லிஃப்ட்டுக்கு இல்லை, மோட்டாருக்கு இல்லை, சரிந்து கிடந்த காம்பவுண்டு சுவருக்கும் இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெரியவர் “என் பங்கை மூன்று தவணையாக வாங்கிக்கொள்ள முடியுமா தம்பி?” என்று கேட்டார். சங்கப் பணத்தைக் கையாளுகிறவனுக்கு அதைவிடச் சங்கடமான கேள்வி கிடையாது.

அடுக்குமாடியில் ஃப்ளாட் வாங்குகிறவர் இரண்டு விஷயங்களுக்கு உரிமையாளர் ஆகிறார். ஒன்று, நான்கு சுவருக்குள் இருக்கும் வீடு. மற்றொன்று, நிலத்திலும் பொது இடங்களிலும் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யூ.டி.எஸ். அஸ்திவாரம், தூண், மொட்டை மாடி, லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமானதால் அவற்றுக்குக் காப்பீடு எடுக்க ஒருவரும் முன்வருவதில்லை. நான் என் ஃப்ளாட்டுக்கு முழுத் தொகைக்குப் பாலிசி எடுத்திருக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கத்தில் கட்டடமே தகர்ந்தால் கம்பெனி எனக்குப் பணம் தரும். அந்தப் பணத்தை வைத்து மூன்றாவது மாடியை மட்டும் அந்தரத்திலா கட்டுவேன்? கீழ்வீட்டுக்காரரிடமும் மேல்வீட்டுக்காரரிடமும் பணம் இருந்தால்தான் என் வீடு எழும்பும். ஆகவே கட்டடம் முழுமைக்கும் சங்கத்தின் பெயரில் ஒரே பாலிசி, உள்ளே இருக்கும் மரவேலை, ஃபிரிட்ஜ், நகைக்கு அவரவர் பாலிசி என்பதுதான் சரியான முறை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இத்தகைய அடுக்ககங்களில் நிர்வாக அமைப்பு கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இங்கே அது ஆண்டுப் பொதுக்குழுவில் கை தூக்கித் தீர்மானிக்கும் விஷயமாகக் கிடக்கிறது. “போன வருஷம் ஒன்றும் ஆகவில்லையே” என்று ஒருவர் சொன்னால் போதும், தீர்மானம் தள்ளுபடி.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுவான வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருள்களும் தானாகச் சேர்ந்துவிடும். தொகையைக் குறைத்துக் காட்டியிருந்தாலும் அந்தக் காரணத்தைச் சொல்லி கிளெய்மை விகிதப்படி வெட்டக் கூடாது. உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் வீட்டுக்கடன் கொடுக்கும் மேசையில் யாராவது இதை எடுத்துச் சொல்கிறார்களா? விற்பனை விலைக்கு இன்ஷூர் செய்யச் சொல்கிறவர்கள்தான் அதிகம். ஆயிரம் சதுர அடி ஃப்ளாட் 80 லட்சத்துக்கு விற்கலாம். அதில் பெரும்பகுதி நிலத்தின் விலை. நிலம் எரிவதும் இல்லை, இடிவதும் இல்லை. திரும்பக் கட்டும் செலவுக்குத்தான் காப்பீடு தேவை. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். மீதி 55 லட்சத்துக்கு வருடா வருடம் பிரீமியமும் அதன் மேல் வரியும் கட்டுவது வீண். கசிவு, ஈரம் ஊறிய சுவர், காலப்போக்கில் வரும் தேய்மானம் எதற்கும் பணம் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? பாலிசியோ பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் வருகிறது.

கட்டுமான நிறுவனங்களைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடமும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பணம் கட்டிய குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. 2016ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, நில உரிமைக்கும் கட்டுமானத்துக்கும் அரசு அறிவிக்கிறபடி கட்டுநரே காப்பீடு எடுத்து, அதன் பலனை வாங்குபவருக்கோ சங்கத்துக்கோ மாற்றித்தர வேண்டும் என்கிறது. சாவி வாங்கும் நாளில் அப்படி ஒரு பாலிசியைக் கையில் பெற்றவரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. சட்டப் புத்தகத்தில் இருப்பது எங்கள் கைக்கு வருவது எப்போது?

வீட்டுக் காப்பீட்டுக்கும் வரி விலக்கு தருமாறு அடுத்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் தமிழ்நாடு வலியுறுத்த வேண்டும். முதல் கட்டமாகத் தனி வீட்டுக்காரர்களுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்குமாவது அது கிடைக்கட்டும். அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் ஒவ்வொரு சங்கமும் கட்டடக் காப்பீட்டு நகலை ஆண்டுதோறும் தாக்கல் செய்யவேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். கடன் வாங்கும்போது கையெழுத்தாகும் காப்பீடு உயிருக்கா, வீட்டுக்கா என்று முதல் பக்கத்திலேயே தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வங்கிகளுக்கு உத்தரவிடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் இவற்றில் ஒன்றையாவது செய்யுங்கள் என்று சம்பந்தப்பட்ட அமைச்சர்களை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கப் பொருளாளர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை – 42