முதல் சம்பளத்துக்குத் தண்டனை கூடாது

மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களை அது எட்டியது. அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசின் உதவியும் ஆலை வேலையும் இவ்வளவு அருகருகே கிடைக்கும் இடங்கள் நம் மாநிலத்தில் அதிகம் இல்லை. உதவியைச் சார்ந்து வாழும் ஒரு குடும்பம் சொந்த வருமானத்தில் காலூன்ற வேண்டுமானால், அது முதலில் நடக்க வேண்டிய இடம் இதுதான். நடக்கிறதா என்று கேட்டால், அரசும் ஆலைகளும் விரும்பாத பதில்தான் கிடைக்கிறது.

ரேஷன் அரிசியும் மாத உதவியும் மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டன என்ற பேச்சு தேநீர்க் கடை முதல் தொழில் கூட்டமைப்புகளின் மேடை வரை கேட்கிறது. அப்படிப் பேசுபவர்கள் ஒருநாள் விடியும் முன்பு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் நின்று பார்க்கலாம். திருவண்ணாமலை, விழுப்புரம், ராணிப்பேட்டை மாவட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பேருந்துகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். இலவச அரிசி 2011 ஜூன் முதல் வழங்கப்படுகிறது. இந்த வட்டாரத்தின் ஆலைகளில் பல வளர்ந்ததும் அதே காலத்தில்தான். வீட்டில் உலை கொதிக்கும் என்ற உறுதி இருந்ததால்தான் பல பெற்றோர் மகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைத்தார்கள். பிறகு வேலைக்கும் அனுப்பினார்கள். உதவி உழைப்பைக் கெடுக்கவில்லை. கேடு வேறு இடத்தில் இருக்கிறது.

உரிமைத் தொகை குடும்பத் தலைவிக்குப் போகிறது. 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர் என்பது விதி. ஆலையில் மின்னணுச் சாதனங்களைப் பொருத்தும் வேலையோ பெரும்பாலும் 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் திருமணமாகாத மகளுக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் பணியிலிருந்து திருமணமான பெண்கள் ஒதுக்கிவைக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஒரு நிறுவனத்தோடு இந்தக் கதையை முடித்துவிட முடியாது. ஒப்பந்தம் முடிந்தோ, திருமணம் நிச்சயமாகியோ, மகப்பேறு வந்தோ, சில ஆண்டுகளில் வேலையை விட்டு ஊர் திரும்பும் பெண்கள் இங்கே ஏராளம். ஊர் திரும்பியவர் தனிக் குடும்ப அட்டை வாங்குகிறார். தாய் நின்ற அதே வரிசையில் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் நீட்டுகிறார். தாய்க்கு உதவி, மகளுக்கு வேலை, மகள் தாயானதும் மறுபடி உதவி. ஒரு தலைமுறை உழைத்தும் குடும்பம் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது.

இந்தச் சுழலை விதிகளும் இறுக்குகின்றன. உரிமைத் தொகை பெற, குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கார் வைத்திருப்பவருக்கும் வருமான வரி கட்டுபவருக்கும் தகுதி இல்லை என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இரண்டரை லட்சம் என்பது மாதத்துக்கு 20,833 ரூபாய். தந்தை கட்டட வேலையில் 11,000, மகள் ஆலையில் 11,000 ஈட்டினால் ஆண்டு வருமானம் 2,64,000 ஆகிவிடுகிறது, தகுதி போயிற்று. ஆண்டுக்கு 2,45,000 ஈட்டும் வீட்டில் மகளுக்கு மாதம் 500 ரூபாய் சம்பள உயர்வு வந்தால், கூடுதலாகக் கிடைப்பது 6,000. விதிப்படி இழக்க நேர்வது 12,000. உழைத்து முன்னேறியதற்கு அரசு விதிக்கும் அபராதம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அபராதம் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை. கொத்தனாருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் வரும் பணம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் செய்து வங்கிக் கணக்கில் வரும் ஆலைச் சம்பளம் மட்டுமே அரசின் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிகிறது. முறைசாரா வேலையிலிருந்து முறையான வேலைக்கு மாறுங்கள் என்று ஒரு துறை பிரசாரம் செய்கிறது; மாறியவரை அடையாளம் கண்டு பட்டியலிலிருந்து நீக்க இன்னொரு துறைக்கு வழி இருக்கிறது. மகளின் சம்பளத்தைச் சொல்லாமல் மறைப்பதுதான் குடும்பத்துக்கு லாபம் என்ற நிலையை ஒரு நல்ல திட்டம் உண்டாக்கக் கூடாது.

பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் முறையில், வேலையில் உள்ள ஒருவருடைய சம்பளம் ஒரு பவுண்டு கூடினால் உதவியில் 55 பென்ஸ் குறையும். அங்கே உதவி பெறுபவர்களை நடத்தும் கடுமையை நாம் ஏற்கவில்லை. ஆனாலும் சம்பளம் கூடினால் கையில் மிஞ்சுவதும் கூட வேண்டும் என்ற கணக்கு சரியானது. வருமானத்தை மாதந்தோறும் அளக்கும் ஏற்பாடு இல்லாத நம் நாட்டில் அதை அப்படியே கொண்டுவர இயலாது. அதைவிட எளிய வழி நமக்கு உண்டு: புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளையின் முதல் மூன்றாண்டுச் சம்பளத்தைக் குடும்ப வருமானக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. இதற்குப் புதிய அலுவலகமோ புதிய செயலியோ வேண்டாம்; ஓர் அரசாணை போதும்.

மருத்துவத்தில் இந்த வருமான வரம்புச் சிக்கல் இன்னும் ஆபத்தானது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. ஆலையில் சேர்ந்தவரின் குடும்பம் அதைத் தாண்டிவிடும். அதற்கு மாற்றாக, மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு இஎஸ்ஐ இருக்கிறது. சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் நிறுவனம் 3.25 சதவீதமும் செலுத்த, குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கும்; மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் பயிற்சியாளர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளியே அல்ல. அவருக்கு இஎஸ்ஐயும் இல்லை, பிஎஃபும் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அவரை வெளியேதான் நிறுத்தியிருக்கின்றன. ஒரு பாதுகாப்பைத் தாண்டி வந்து இன்னொன்றை எட்டாமல் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு ஓர் அறுவைச் சிகிச்சை வந்தால், மகள் ஓராண்டு சேர்த்த பணம் ஒரே வாரத்தில் கரைந்துபோகும். மீண்டும் காப்பீட்டு அட்டை வேண்டுமென்றால் வருமானச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்க வேண்டும்.

வேலை நிலைத்தால் இவற்றில் பாதி தீர்ந்துவிடும். நிலைக்கவைக்கச் சட்டமும் இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981லேயே சட்டம் இயற்றியது. நாட்டுக்கே வழிகாட்டும் சட்டம் அது. பயிற்சியாளர், ஒப்பந்தம், குறித்த காலப் பணி எனப் பெயரை மாற்றி மாற்றி அதைத் தாண்டிச் செல்வதும், 480 நாள் நெருங்கும் முன்பே ஆளை மாற்றுவதும் நடப்பதாகத் தொழிற்சங்கங்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. தொழிலாளர் துறைக்கு இது தெரியாது என்று நம்ப நாம் தயாரில்லை. வேலை இழந்த இஎஸ்ஐ உறுப்பினருக்குச் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள்வரை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் 2018 முதல் இருக்கிறது. ஆனால் அது எதிர்பார்ப்பது இரண்டாண்டுக் காப்பீட்டுப் பணி. ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்துபோகிறவருக்கு அதனால் பயனில்லை.

இந்த வட்டாரம் ஒரு பாடத்தை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. பல்லாயிரம் இளம் தொழிலாளர்கள், அவர்களில் பெண்கள் பெருமளவு, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். நோக்கியாவுக்கு அரசோடு இருந்த வரித் தகராறு எங்கே முடிந்தது, கட்டடம் யார் கைக்குப் போனது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. வெளியேறிய பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எந்த அரசும் தொடர்ந்து கணக்கெடுத்து மக்கள் முன் வைக்கவில்லை. வேலைவாய்ப்பு எண்ணிக்கையை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பெருமையோடு அறிவிக்கிறவர்களுக்கு, அந்த எண்ணிக்கையின் பிற்பகுதியையும் சொல்லும் கடமை உண்டு.

ஏனெனில் அந்த வேலைகளுக்குப் பொதுப்பணம் செலவாகிறது. பெரிய அளவிலான மின்னணு உற்பத்திக்காக மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த ஊக்கத் திட்டம், கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதத்தை ஐந்தாண்டுகளுக்கு நிறுவனங்களுக்குத் தந்தது. மாநிலமும் நிலம், மின்சாரம், வரி எனத் தன் பங்குக்குச் சலுகைகளை வழங்குகிறது. பிள்ளைப்பாக்கத்தில் கைப்பேசிக் கண்ணாடி தயாரிக்க கார்னிங், ஆப்டிமஸ் கூட்டு நிறுவனம் 1,003 கோடி முதலீட்டில் அமைக்கும் ஆலையால் 840 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. ஒரு வேலைக்குச் சுமார் 1.2 கோடி ரூபாய் முதலீடு என்றாகிறது. இவ்வளவு மூலதனம் பின்னால் நிற்கும் வேலை, ஒரு குடும்பத்தை ரேஷன் வரிசையைத் தாண்டி நிற்கவைக்கும் வேலையாக இருக்க வேண்டாமா? ஆயிரம் ரூபாய் பெறும் பெண்ணிடம் வருமானம், நிலம், மின்சார யூனிட் என அத்தனையும் கேட்கும் அரசு, கோடிகள் பெறும் நிறுவனத்திடம் எத்தனை பேரை நிரந்தரமாக்கினாய் என்று கேட்பதில்லை. இந்த ஓரவஞ்சனை நியாயமற்றது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளிகளின் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட, சக தொழிலாளிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அதன் பிறகு வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் வளாகத்தைச் சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. பாராட்டுக்குரிய பணி. ஆனால் அதுவும் தனியாக வரும் இளம்பெண்ணை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. கைக்குழந்தையோடு வேலையைத் தொடர நினைப்பவருக்கு அங்கே இடமில்லை. 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற சட்டம் 2017இல் வந்தது. திருமணத்துக்குப் பின் வேலையில் நீடிக்கும் பெண்கள் குறைவாக இருக்கும்போது காப்பகம் எதற்கு என்று நிறுவனங்கள் நினைக்கலாம். காப்பகம் இல்லாததும் அவர்கள் நீடிக்காததற்கு ஒரு காரணம் என்பதைத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் நிறுவனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லியும் கேளாதவர்மீது வழக்கு தொடர வேண்டும்.

அண்டை மாநிலமான கேரளம் 64,006 குடும்பங்களைக் கடும் வறுமையில் இருப்பவையாக அடையாளம் கண்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் வகுத்து, 2025 நவம்பர் 1 அன்று அந்தப் பணி நிறைவுற்றதாக அறிவித்தது. அந்த அறிவிப்பின்மீது அங்கே விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். குடும்பம் குடும்பமாகப் பார்த்தார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. தமிழ்நாட்டின் 2024-25 நிதிநிலை அறிக்கையும் ஐந்து லட்சம் மிக ஏழைக் குடும்பங்களை இரண்டாண்டுகளில் வறுமையிலிருந்து மீட்பதாக உறுதியளித்தது. அந்த இரண்டாண்டுகள் கடந்துவிட்டன. எத்தனை குடும்பங்கள் மீண்டன, எவ்வழியில் மீண்டன என்பதைக் காஞ்சிபுரம் உட்பட மாவட்டவாரியாக வெளியிட வேண்டிய நேரம் இது.

உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 13,000 கோடிக்கு மேல் ஒதுக்கும் அரசு, அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கக் குடும்பங்களைப் பட்டியலிலிருந்து உதிர்ப்பதை வறுமை ஒழிப்பு என்று காட்டக் கூடாது. புதிய தொழிலாளியின் ஆரம்பகாலச் சம்பளத்தை வருமான வரம்பிலிருந்து விலக்கும் ஆணை உடனே வர வேண்டும். பயிற்சியாளர்கள் உள்ளிட்ட எல்லோருக்கும் இஎஸ்ஐ கிடைக்கும்வரை மாநிலக் காப்பீடு அவர்களைக் கைவிடக் கூடாது. பிள்ளைப்பாக்கத்திலும் ஒரகடத்திலும் சலுகை பெறும் ஒவ்வொரு நிறுவனமும் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், மகப்பேறுக்குப் பின் பணிக்குத் திரும்பியவர் என்ற நான்கு எண்ணிக்கைகளையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெளியிடாத நிறுவனத்துக்கு அடுத்த தவணைச் சலுகையை அரசு நிறுத்திவைக்க வேண்டும்.