பேட்டரி செயின்சா வாங்கலாமா? விலையை விடுங்க, நாளை எண்ணுங்க

ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் சின்னதா ஒரு இடம், அதில் ஒரு அறை. மாசம் ஒரு வீக்எண்ட் அங்கே. நம்மில் சிலர் இதை வாங்கிட்டாங்க, பலர் கனவு காண்கிறோம். ஈபி லைன் வராத இடம்னா வெந்நீருக்கும் சமையலுக்கும் விறகுதான். உடனே வர்ற அடுத்த ஆசை, பேட்டரி செயின்சா.

நல்ல பொருள்தான். ஆனா வீக்எண்டுக்குப் போறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது தேவையில்லைங்கிறது என் கருத்து.

கரண்ட் இல்லாத இடத்துல சார்ஜ் எப்படின்னு பயப்பட வேண்டாம். 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 90 வாட் ஹவர். ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 100 வாட் சோலார் பேனல் இருந்தா, நல்ல வெயில் நாளில் இழப்பு போக சுமார் 300 வாட் ஹவர் கிடைக்கும். மூணு தடவை சார்ஜ் போடலாம். மழை, மூடுபனி நாளில் இந்தக் கணக்கு படுத்துடும். அதுக்கு வீட்டிலேயே சார்ஜ் பண்ணி எடுத்துட்டுப் போகலாம்.

உண்மையான செலவு கரண்ட் இல்ல, பேட்டரி. லித்தியம் பேட்டரி ஓட்டினாலும் தேயும், சும்மா வெச்சாலும் தேயும். முழு சார்ஜோட சூடான தகரக் கொட்டகையில் விட்டா இன்னும் சீக்கிரம். எஃப்டி மாதிரி உள்ளே கிடந்தா வளராது, கரையும்.

ஒரு உதாரணக் கணக்கு. மெஷின், ரெண்டு பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய், ஆயுள் 5 வருஷம்னு வைங்க. வருஷத்துக்கு 5,000. நீங்க விறகு அறுக்கிறது வருஷத்துல 5 நாள்னா, ஒரு நாளுக்கு 1,000 ரூபாய். அதுவே 25 நாள்னா வெறும் 200.

"அப்போ பெட்ரோல் மெஷின்?" மாசக்கணக்கா டேங்கில் நின்ன பெட்ரோல் கார்புரேட்டரை அடைச்சிடும். எப்போதாவது ஓட்டுறவங்களுக்கு ரெண்டுல பேட்டரிதான் மேல். ஆனா கேள்வியே மெஷின் வேணுமா என்பதுதான். காஞ்ச கிளைகளுக்கு நல்ல கைரம்பம் போதும். கட்டையைப் பிளக்கிறது எப்படியும் கோடாலி வேலைதான். பெரிய மரம் விழுந்து கிடக்கா? ஊரில் மெஷின் வெச்சிருக்கிறவரை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிடுங்க. வேலையும் சீக்கிரம் முடியும், ஊர்ல ஒரு பழக்கமும் கிடைக்கும்.

அடிக்கடி போய்த் தங்குறவங்க தாராளமா வாங்கலாம். ஒரு கம்பெனி பேட்டரி பொதுவா இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது. அதனால வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தா, அதே பேட்டரி பொருந்துற செயின்சாவை பேட்டரி இல்லாம மெஷின் மட்டும் வாங்குங்க. பெரிய செலவு அங்கேயே மிச்சம். செயின் ஆயில், செயின் தீட்டும் அரம், கண்ணாடி, ஹெல்மெட், கால் பாதுகாப்பு உடை, இவை எல்லாம் பட்ஜெட்டுக்குள்ள வரணும். பாதுகாப்புக்குப் பணம் பத்தலைன்னா மெஷினுக்கும் பத்தலைன்னு அர்த்தம். நோ காஸ்ட் இஎம்ஐ இருக்குன்னு இந்தக் கணக்கு மாறாது.

இன்னொண்ணு. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கு. அது பொருந்துற பகுதியில், சொந்தப் பட்டா நிலத்து மரமா இருந்தாலும் வெட்ட அனுமதி வேணும். மெஷின் விலை பார்க்கிறதுக்கு முன்னாடி இதை விசாரிங்க.

கார்ட்டில் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வகுத்தல் போடுங்க: மொத்த விலை, வகுத்தல் உண்மையா அறுக்கப்போகும் நாட்கள். வர்ற தொகை உள்ளூர் கூலியை விட அதிகமா இருந்தா, அந்தப் பணம் எஸ்ஐபியிலேயே இருக்கட்டும். உங்க கணக்குல ஒரு நாளுக்கு எவ்வளவு வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.