காணிக்கும் சாட்சி சொல்லும் பழைய நூல்கள்

வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணிகளாகும் என 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளியானது. அந்த ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பல தடவை இடம்பெயர்ந்து உறுதிகளைத் தொலைத்த சனம், தமது ஊர் நெடுங்காலமாக அங்கே இருந்தது என்பதை எதைக் கொண்டு காட்டுவது?

பழைய வரலாற்று, புவியியல் நூல்களைத் தேடிச் சேர்ப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பது இங்கேதான் விளங்குகிறது. சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை கசற்றியர் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் விபரிக்கிறது. 1895இல் சிவில் சேவை அதிகாரி ஜே.பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு பற்றி வன்னிக் கைநூலை எழுதினார். மட்டக்களப்புக்கு எஸ்.ஓ. கனகரத்தினத்தின் 1921ஆம் ஆண்டு நூல் இருக்கிறது.

நூல் ஒன்று காணி உறுதியாகிவிடாது. ஆனால் ஒரு குளத்துக்கோ கிராமத்துக்கோ அன்று என்ன பெயர் வழங்கியது என்பதற்கு அது சாட்சி. நில அளவைப் படம், ஒல்லாந்தர் காலத் தோம்பு, வாய்மொழிச் சான்று ஆகியவற்றோடு சேரும்போது அந்தச் சாட்சிக்குப் பலம் கூடும்.

எமக்குச் சாதகமான வரிகளை மட்டும் பொறுக்கி எடுப்பதில் பயனில்லை. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையையே சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் விமர்சித்து எழுதினார். அந்த நிதானம் இன்றும் வேண்டும். எமது ஊர்களைச் சொல்லும் அதே நூல்கள் முஸ்லிம்களையும் சிங்களவர்களையும் பற்றிச் சொல்வதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

புகழ்பெற்ற நூல்கள் மறுபதிப்புகளாகத் தப்பிவிட்டன. இன்று ஆபத்தில் இருப்பவை கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், சனசமூக நிலைய வெளியீடுகள். ஊரின் ஒழுங்கை, வாய்க்கால், வயல்வெளிப் பெயர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் கிடக்கின்றன. வீடு திருத்தும்போதும் முதியவர்கள் காலமாகும்போதும் பழைய கடதாசிக் கட்டோடு இவையும் போய்விடுகின்றன.

1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில் மட்டும் இருப்பது ஒரே இரவில் அழியலாம் என்பதே அதன் பாடம். 2005 முதல் நூலகம் இணையத்தளம் எண்ணிம வடிவில் சேகரித்து வருகிறது. அலுமாரியில் பூட்டி வைத்த அரிய பிரதி சேகரிப்பாளருக்குப் பெருமையாக இருக்கலாம். ஸ்கான் செய்து பகிர்ந்த பிரதிதான் ஊருக்கு உதவும். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய மலர் இருந்தால், எறிவதற்கு முன் அதில் எந்த ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன என்று ஒருக்கால் பாருங்கள்.